பாட்டிலுக்கு ஒரு முகமூடி

போன இதழில் பேச்சுவாக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன்: ஒயின் ருசிபார்க்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், நாலு நண்பர்களும் ஒரு சாப்பாட்டு மேசையும் போதும் என்று. அதைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் குவிந்துவிட்டன. நடுவே சில புகார்கள், ஒரு சாபம். சாபத்தைத் தவிர மற்றவற்றுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: உங்கள் பேச்சைக் கேட்டு எட்டுப் பேர் கூடினோம் சார். ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தோம். முதல் இரண்டு பாட்டில் வரை பிரமாதமாகப் பேசினோம். அப்புறம் எது எந்த ஒயின் என்றே தெரியவில்லை. காலையில் பார்த்தால் எட்டுக் காலி பாட்டில், எட்டுப் பேருக்கும் தலைவலி, ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. எங்கே தப்பு?

பதில்: கணக்கில். ஒரு பாட்டில் 750 மில்லி. எட்டுப் பேர், எட்டு பாட்டில், எல்லாம் காலி என்றால் ஆளுக்கு முழுசாக ஒரு பாட்டில். 13 சதவீத ஒயின் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொருவர் உடம்புக்குள்ளும் கிட்டத்தட்ட 77 கிராம் சுத்த ஆல்கஹால் போயிருக்கிறது. இதில் மூன்றாவது பாட்டிலுக்கு மேல் ருசி தெரிந்திருந்தால்தான் ஆச்சரியம். என் மேல் பழி போடாதீர்கள், நான் நாலு நண்பர்கள் என்றுதான் எழுதினேன்.

அடுத்த தடவை இப்படிச் செய்து பாருங்கள். பாட்டில் ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலிருந்தும் ஆளுக்கு 50 மில்லி, அதாவது இரண்டு மூன்று வாய். எட்டுப் பேருக்கு ஊற்றினால் 400 மில்லி போகும், பாட்டிலில் 350 மில்லி மிச்சம் இருக்கும். ஐந்தையும் முடித்தபோது ஒருவர் குடித்தது 250 மில்லிதான். தலை தெளிவாக இருக்கும், பேச்சும் இருக்கும், பிடித்த பாட்டிலுக்குச் சாப்பாட்டோடு திரும்பிப் போகவும் வழி இருக்கும். இதுவும் அதிகம் என்று நினைப்பவர் துப்பலாம். மேசை நடுவே ஒரு காலிக் குவளை வைத்துவிடுங்கள். தொழில்முறையில் ருசிபார்ப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். நண்பர்கள் முன்னால் துப்ப முதல் தடவை கூச்சமாக இருக்கும், இரண்டாவது தடவை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

இரண்டாவது விஷயம், தனித்தனியாகக் குடிக்காதீர்கள். ஒரு ஒயினை மட்டும் குடித்தால் ‘நல்லா இருக்கு’, ‘சுமார்’ என்பதற்கு மேல் யாருக்கும் வார்த்தை வராது, எனக்கும்தான். பக்கத்தில் இன்னொன்று இருந்தால் நாக்கு தானாகப் பேச ஆரம்பிக்கும்: இது அதைவிடப் புளிக்கிறது, அது வாயை உலர்த்துகிறது, இதில் வாசனை முதலில் வந்து உடனே போய்விடுகிறது. அதனால் ஜோடி ஜோடியாக ஊற்றுங்கள். ஒரே திராட்சை, இரண்டு ஊர் என்று எடுத்தால் இன்னும் நல்லது. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா என்பதும் ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் என்பதும் ஒரே திராட்சைதான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் அண்ணன் தம்பி என்றே நம்ப மாட்டீர்கள். சாவிக்னான் பிளாங்க் என்றால் பிரான்சின் சான்செரிலிருந்து ஒன்று, நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து ஒன்று. ஷார்டனே என்றால் ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது ஒன்று, பீப்பாயே பார்க்காதது ஒன்று. ஓக் மரத்திலிருந்து வனிலா வாசனையே இறங்கும், அதை மூக்கு ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் மறக்காது.

மூன்றாவதாகச் சொன்னாலும் எனக்கு முக்கியமானது இதுதான்: பாட்டிலை மறைத்துவிடுங்கள். காகிதப் பை, பழைய செய்தித்தாள், எது கிடைத்தாலும் சரி. லேபிள் தெரிந்தால் நாக்கு வேலை செய்யாது, கண்தான் குடிக்கும். யார் கொண்டுவந்தது என்று தெரிந்தால் அதுவும் போச்சு, அவர் முகத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பதில் சொல்வார்கள்.

இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. 1976 மே 24 அன்று பாரிசில் ஒயின் கடை வைத்திருந்த ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேயர், பிரான்சின் ஒயின் உலகப் பெரிய மனிதர்களை உட்கார வைத்து, பிரெஞ்சு ஒயின்களையும் கலிஃபோர்னியா ஒயின்களையும் பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார். கலிஃபோர்னியா ஜெயிக்கும் என்று அவரே நினைக்கவில்லை. வெள்ளையில் சாட்டோ மான்டலீனாவின் 1973 ஷார்டனே முதலிடம், சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 காபர்னே சாவிக்னான் முதலிடம். இரண்டும் கலிஃபோர்னியா. கலிஃபோர்னியாவின் நாப்பா பகுதி ஒயினைக் குடித்துவிட்டு, ‘அப்பாடா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம்’ என்கிற மாதிரி நிம்மதிப் பெருமூச்சு விட்ட நடுவரும் அந்த மேசையில் இருந்தார். லேபிள் தெரிந்திருந்தால் இது நடந்திருக்குமா?

நாலாவது, பேசுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். எந்தக் கூட்டத்திலும் குரல் பெரியவர் ஒருவர் இருப்பார். அவர் ‘ஆகா, செர்ரி!’ என்றதும் மற்ற ஏழு பேர் வாயிலும் செர்ரிதான் ஊறும்.

கேள்வி: எதை முதலில் ஊற்றுவது? எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடலாமா?

பதில்: நுரைக்கும் ஒயின் முதலில், பிறகு மெல்லிய வெள்ளை, கனத்த வெள்ளை, ரோஸே எனும் இளஞ்சிவப்பு, மெல்லிய சிவப்பு, கனத்த சிவப்பு, கடைசியில் இனிப்பானது. கனத்த சிவப்பைக் குடித்துவிட்டு மெல்லிய வெள்ளைக்கு வந்தால் அது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், பாவம் அதன் தப்பில்லை.

குளிர்ச்சியில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வேகத்தில் ஊற்றிய வெள்ளை ஒயினுக்கு வாசனையே இருக்காது, குளிர் மட்டும் இருக்கும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் போதும், 8 முதல் 12 டிகிரிக்கு வந்துவிடும். சிவப்புக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. ‘சிவப்பை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்’ என்று யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு 28 டிகிரி அறையில் திறக்கிறார்கள். அந்தப் பேச்சு குளிர்ந்த கல்வீடுகளில் வாழ்ந்தவர்கள் காலத்துப் பேச்சு. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி போதும், ஆகவே ஊற்றுவதற்கு முன் ஒன்றரை மணி நேரம் போல அதையும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூடான சிவப்பில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் ஏறும். நுரைக்கிற ஒயின் மட்டும் நன்றாகக் குளிர்ந்து, 6 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் இருக்கிற, வெளிக்காற்றைப் போல ஐந்தாறு மடங்கு அழுத்தம் கார்க்கை உங்கள் விளக்குக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: கிளாஸைச் சுழற்றுவது பந்தாதானே?

பதில்: பாதி பந்தா, பாதி வேலை. சுழற்றினால் ஒயின் கண்ணாடியில் படர்ந்து வாசனை கிளம்பும். மூக்கை உள்ளே விட்டுப் பாருங்கள், சுழற்றுவதற்கு முன்னும் பின்னும், வித்தியாசம் தெரியும். ஆனால் சுழற்றிவிட்டுக் கண்ணாடியில் வழிகிற கோடுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ‘தரமான ஒயின்’ என்று தலையாட்டுகிறாரே ஒருவர், அது முழுப் பந்தா. ஆல்கஹால் வேகமாக ஆவியாகி, மேற்பரப்பின் இழுவிசை இடத்துக்கு இடம் மாறுவதால் வருகிற கோடு அது. ஜேம்ஸ் தாம்சன் 1855-லேயே இதை விளக்கிவிட்டார். ஆல்கஹால் கொஞ்சம் தூக்கல் என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்லாது.

கேள்வி: எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் ஸ்ட்ராபெரி, ஈரமண், தோல் பை, மிளகு என்று அடுக்கிக்கொண்டே போகிறார். எனக்குத் திராட்சை வாசனைகூட வரவில்லை. அவர் அளக்கிறாரா, எனக்கு மூக்கு சரியில்லையா?

பதில்: இரண்டும் இருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். மிளகை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிரா ஒயினில் வரும் மிளகு வாசனை கற்பனை இல்லை. ரோட்டன்டோன் என்ற வேதிப்பொருள் அது, அசல் மிளகில் இருப்பதும் அதேதான். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டபோது இன்னொன்றையும் பார்த்தார்கள்: சோதனையில் கலந்துகொண்டவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு, சோதித்ததிலேயே மிக அதிகமான அளவிலும், அந்த வாசனை எட்டவே இல்லை. ஆகவே ஒரே கிளாஸை முகர்ந்த உங்கள் நண்பர் மிளகு என்பதும் நீங்கள் இல்லை என்பதும், இரண்டுமே உண்மையாக இருக்கலாம். எட்டுப் பேர் மேசையில் ஒருவராவது இப்படி இருக்க வாய்ப்பு அதிகம். மிளகு வாசனை எட்டியவர்கள், எட்டாதவர்கள் என்று கை தூக்கச் சொல்லிப் பாருங்கள், நல்ல விளையாட்டு.

அதே சமயம், கண் மூக்கை ஏமாற்றும் என்பதும் உண்மை. பிரான்சின் போர்தோவில் 54 ஒயின் கல்வி மாணவர்களிடம் ஒரு வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள், பிறகு அதே வெள்ளையில் வாசனையில்லாத சிவப்பு நிறத்தைக் கலந்து கொடுத்தார்கள். நிறம் மாறியதும் மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற வார்த்தைகளையே எழுதினார்கள். 2001-இல் வெளியான ஆய்வு இது. இத்தனைக்கும் அவர்கள் அதைப் படிப்பாகவே படிக்கிறவர்கள். உங்கள் நண்பரை ஒரு நாள் கண்ணைக் கட்டி உட்கார வைத்துப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

வார்த்தை வரவில்லை என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். புத்தகத்தில் இருக்கிற பழங்களின் பெயர் எதற்கு? உங்கள் மூக்கு பழகிய வாசனையைச் சொல்லுங்கள்: தீக்குச்சி அணைந்த வாசனை, புதுச் செருப்பு, மழை விட்டதும் வருகிற வாசனை, தைலம். ருசியிலும் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. டானின் என்று அவர்கள் பாடம் எடுக்கிற விஷயத்துக்கு, பால் விடாத கடுந்தேநீரைக் குடித்ததும் வாய் உலர்ந்து இழுத்துப் பிடிக்குமே அதற்கு, தமிழில் துவர்ப்பு என்று அழகான ஒரு சொல் ஏற்கெனவே இருக்கிறது. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது அது. எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டுபோகிறது. சிவப்பைத் தோலோடு ஊறவிடுகிறார்கள், வெள்ளையைச் சாறாகப் பிழிந்துவிடுகிறார்கள், அதனால்தான் வெள்ளையில் துவர்ப்பு குறைவு.

கேள்வி: நாக்கு நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளியில் படம் போட்டோமே, அதன்படி ஒயினை உருட்ட வேண்டுமா?

பதில்: அந்தப் படம் தப்பு. நாக்கில் எல்லா இடமும் எல்லாச் சுவையையும் அறியும். உருட்டுவது வாசனைக்காக. வாயில் சூடாகித் தொண்டை வழியே மூக்குக்குப் பின்பக்கமாக ஏறுகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள், வெறும் புளிப்புத் தண்ணீர். கையை எடுங்கள், ஒயின் திரும்பி வரும்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சாப்பாடு நல்ல காரம். சிவப்பு ஒயின் குடித்தால் வாய் எரிகிறது. காரத்துக்கு ஒயினே ஆகாதா?

பதில்: ஆகும், நீங்கள் எடுத்த ஒயின்தான் ஆகாது. மிளகாய்க் காரம் எந்த நரம்பைச் சுடுகிறதோ அதே நரம்பைத்தான் ஆல்கஹாலும் சீண்டுகிறது. 14, 15 சதவீத சிவப்பைக் காரத்தின் மேல் ஊற்றினால் எரிகிற அடுப்புக்கு விசிறியது மாதிரி. துவர்ப்பும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஆல்கஹால் குறைவாக, கொஞ்சம் இனிப்பாக இருக்கிற ஒயினைப் பிடியுங்கள். ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங்கில் 8, 9 சதவீதத்திலேயே இனிப்பும் புளிப்பும் சேர்ந்த வகை கிடைக்கும். இத்தாலியின் மொஸ்காட்டோ டாஸ்டி இன்னும் குறைவு, 5 சதவீதம் சுற்றி. இனிப்பு ஒயின் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது என்னவோ குழந்தைகள் சமாச்சாரம் என்று. மறைத்து ஊற்றுங்கள், அவர்கள்தான் இரண்டாவது தடவை நீட்டுவார்கள்.

மற்றபடி பெரிய சூத்திரம் தேவையில்லை. உப்பும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும். புளிப்பான உணவு ஒயினின் புளிப்பைக் குறைத்துக் காட்டும். ஒயினைவிட இனிப்பான பண்டத்தை முன்னால் சாப்பிட்டால் நல்ல ஒயினும் புளித்துப்போனது போல் தெரியும். நம்ப வேண்டாம், ஒரு தட்டில் உப்பு, ஒரு துண்டு எலுமிச்சை, கொஞ்சம் சர்க்கரை வைத்து, ஒவ்வொன்றையும் நக்கிவிட்டு அதே ஒயினை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சாப்பாட்டுக்கு முன் ஐந்து நிமிட வேலை, அன்று இரவின் சிறந்த ஐந்து நிமிடம் அதுவாகத்தான் இருக்கும். ஐந்து ஒயினையும் முதலில் வெறுமனே, பிறகு சாப்பாட்டோடு மறுபடியும் பாருங்கள். முதல் சுற்றில் கடைசியில் வந்தது இரண்டாவது சுற்றில் முதலில் வருவது அடிக்கடி நடக்கும்.

கேள்வி: ஒரு நண்பர் கொண்டுவந்த பாட்டில் ஒரு மாதிரி நாறியது. சொன்னால் மனசு கஷ்டப்படுவார் என்று குடித்துவிட்டோம். சரியா?

பதில்: சரியில்லை, ஆனால் புரிகிறது. எனக்கே நடந்தது, அதுவும் கொண்டுவந்தது நான். பெருமையாகத் திறந்து எல்லோருக்கும் ஊற்றினேன். ஆறு பேரும் மரியாதையாகக் குடித்தார்கள், ஒருவர் ‘வித்தியாசமா இருக்கு’ என்றார், நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். குடிக்காத தோழி ஒருத்தி சும்மா முகர்ந்து பார்த்துவிட்டு, ‘என்ன, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி வருது?’ என்றாள். அவள் சொன்னதுதான் துல்லியம். டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லும் வேதிப்பொருள் பெரும்பாலும் கார்க்கிலிருந்து ஒயினுக்குள் இறங்கிவிடும். ஒரு லிட்டரில், ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழ வாசனையை அடித்துவிடும், கிளாஸில் நேரம் ஆக ஆக இன்னும் மோசமாகும். இது கொண்டுவந்தவர் தப்பும் இல்லை, ஒயினின் விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தைரியமாகச் சொல்லுங்கள், எல்லோரும் ஒருமுறை முகர்ந்து அந்த வாசனையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், அப்புறம் ஓரமாக வைத்துவிடுங்கள்.

இன்னொரு வாசகி பாட்டில் அடியில் கண்ணாடித் தூள் கிடக்கிறது என்று பயந்து எழுதியிருக்கிறார். கண்ணாடி இல்லை அம்மா, டார்டாரிக் அமிலத்தின் உப்பு, குளிரில் படிகமாகிவிடும். கடித்தால் நறநறக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: நான் சுத்த சைவம். ஒயினில் முட்டை, மீன் எல்லாம் சேர்க்கிறார்களாமே?

பதில்: தெளிய வைக்கச் சேர்ப்பது உண்டு. முட்டை வெள்ளை, பால் புரதம், மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஒரு வகைப் புரதம் ஆகியவை கலங்கலையும் அதிகத் துவர்ப்பையும் பிடித்துக்கொண்டு அடியில் படியும், பிறகு ஒயினை மட்டும் மேலாக எடுத்துவிடுவார்கள். பென்டனைட் என்ற களிமண்ணில் தெளிய வைப்பவர்களும், எதுவும் போடாமல் தானாகப் படிய விடுபவர்களும் உண்டு. வீகன், அதாவது விலங்குப் பொருள் எதுவும் சேராதது, என்று அச்சிட்ட பாட்டிலை எடுத்தால் கவலை விட்டது. பாட்டிலை மறைக்கும் விளையாட்டில் மட்டும், மறைக்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

கேள்வி: சிவப்பு ஒயின் இரண்டு வாய் குடித்தாலே தலை வலிக்கிறது. சல்ஃபைட்தான் காரணம் என்கிறார்கள்.

பதில்: ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கிற கந்தக உப்புதான் சல்ஃபைட். பாவம், செய்யாத குற்றத்துக்குப் பழி சுமக்கிறது. பொதுவாக வெள்ளை ஒயினில்தான் அது அதிகம். ஐரோப்பியச் சட்டத்திலேயே இனிப்பில்லாத சிவப்புக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200 என்றுதான் உச்சவரம்பு. ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது, அது வேறு கதை. 2023-இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திராட்சைத் தோலில் இருக்கும் குவெர்செடின் என்ற வேதிப்பொருள் மேல் சந்தேகத்தைத் திருப்பினார்கள். ஆல்கஹாலை உடம்பு உடைக்கும் வழியில் ஒரு நொதியை அது தடுக்கிறது என்று சோதனைக் குழாயில் காட்டியிருக்கிறார்கள், மனிதர்களிடம் பார்க்க வேண்டியது பாக்கி. உங்களுக்கு நான் சொல்வது எளிது: இரண்டு வாய்க்கே வலித்தால் சிவப்பை விட்டுவிடுங்கள், வலி அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: குடிக்காத நண்பர்களையும் கூப்பிடலாமா? சும்மா உட்கார்ந்திருப்பார்களே.

பதில்: அவர்கள்தான் அன்று ராஜா. பாட்டிலைச் சுற்றி மறைப்பது, எண் போடுவது, ஊற்றுவது, எந்த எண் எது என்ற காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி வரை வாயைத் திறக்காமல் சிரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. மேசையில் உண்மை தெரிந்த ஒரே ஆள். முகர்ந்து சொல்லவும் குடிக்க வேண்டியதில்லை, மேலே என் தோழியைப் பார்த்தீர்களே. ‘ஒரு வாய் குடிச்சா என்ன’ என்று யாரையும் நச்சரிக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர், மருந்து எடுப்பவர், வண்டி ஓட்ட வேண்டியவர் காரணம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை, காரணமே இல்லாதவரும்தான். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஆல்கஹாலில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டது. ‘சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது’ என்று சொல்லிக் குடிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ருசிக்காகக் குடிக்கிறோம், குறைவாகக் குடிக்கிறோம், மருந்து என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: முதல் பதிலில் பாட்டிலுக்கு 350 மில்லி மிச்சம் என்றேன் இல்லையா, சாப்பாட்டோடு தீராவிட்டால் 375 மில்லி அரை பாட்டில் ஒன்றில் கழுத்து வரை ஊற்றி மூடிவிடுங்கள். ஒயினைக் கெடுப்பது காற்று, உள்ளே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் தாங்கும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் வெள்ளையும் சிவப்பும் மூன்று முதல் ஐந்து நாள், போர்ட் மாதிரி ஆல்கஹால் சேர்த்தவை சில வாரம். நுரைக்கிற ஒயினுக்கு அழுத்தமான மூடி போட்டாலும் ஓரிரு நாள்தான். அதன் கழுத்தில் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்பார்கள். கரண்டி குளிரும், வேறொன்றும் நடக்காது.

கேள்வி: காகிதப் பை கிடைக்கவில்லை. பாட்டிலைக் காலுறைக்குள் போட்டு மறைக்கலாமா?

பதில்: துவைத்ததாக இருந்தால். முகரப் போகிறோம் என்பதை மறக்காதீர்கள்.